வாசகர் கேள்விகள்: ஈயக் குண்டும் தேன்மெழுகும்

கேள்வி: பணி ஓய்வுக்குப் பின் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் குடியுரிமை பெற்று வாழ்கிறேன். சட்டப்படி வாங்கிய .38 ஸ்பெஷல் ரிவால்வரால் பயிற்சித் திடலில் குறி பார்த்துச் சுடுவது என் பொழுதுபோக்கு. பக்கத்து வீட்டு நண்பர் தம்முடைய அச்சையும் உருக்கும் பாத்திரத்தையும் கொடுத்து உதவியதால் இருநூறு ஈயக் குண்டுகளை நானே வார்த்தேன். வழுக்கிச் செல்லட்டும் என்று, கார்ச் சக்கரத்துக்குப் போடும் கிரீஸை விரலால் தடவினேன். முப்பது முறை சுடுவதற்குள் குழலின் உட்புறத்தில் சாம்பல் நிறக் கோடுகள் படிந்துவிட்டன, குறியும் சிதறுகிறது. இன்னும் அதிகமாகத் தடவ வேண்டுமா? எந்த மசகு நல்லது?

பதில்: அதிகமாகத் தடவ வேண்டாம். மசகு டப்பாவை மூடி வைத்துவிட்டு, முதலில் ஒரு மைக்ரோமீட்டரைக் கையில் எடுங்கள்.

உராய்வினால்தான் ஈயம் குழலில் ஒட்டுகிறது என்று புதிதாக இந்தக் கலைக்கு வருகிற எல்லோரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி வாயுவின் வேலை. வெடிமருந்து எரிந்து உண்டாகும் கொதிக்கும் வாயு, குண்டுக்கும் குழல் சுவருக்கும் இடையில் மிகச் சிறிய சந்து கிடைத்தாலும் அதில் புகுந்து, ஈயத்தின் விளிம்பை அரித்துக் கொண்டுபோய், முன்னாலுள்ள இரும்பில் பூசிவிடுகிறது; அதன்மேல் அடுத்த குண்டு உரசி மேலும் ஈயத்தை விட்டுச் செல்கிறது. சந்து இருக்கும்வரை எந்த மசகும் இதை முழுமையாகத் தடுக்காது. குண்டைச் சுற்றி ஓடும் பள்ளங்களில் நிற்கும் மசகு, உராய்வைக் குறைப்பதோடு, குண்டைச் சுழல வைக்கக் குழலின் உட்சுவரில் வெட்டிய வரிகளுக்கு இடையே மீதமாகும் நுண்ணிய இடைவெளியை அடைக்கவும் உதவுகிறது. ஆனால் சிறுத்துப்போன குண்டைப் பெருக்க வைக்கும் சக்தி அதற்கு இல்லை.

.38 ரிவால்வரின் குழலில் வரிப்பள்ளத்தின் அளவு வழக்கமாக 0.357 அங்குலம். வார்த்த குண்டு அதைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் கூடுதலாக, அதாவது 0.358 அங்குலம் இருப்பது நல்லது. தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லாத இந்த வித்தியாசத்தில்தான் உங்கள் சாம்பல் நிறக் கோடுகளின் கதை முழுவதும் அடங்கியிருக்கக்கூடும். ரிவால்வருக்கு இன்னொரு வாசலும் உண்டு. சுழலும் உருளையில் உள்ள ஆறு அறைகளின் முன்வாயும் குழலின் அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். முன்வாய் குறுகலாக இருந்தால், நீங்கள் 0.358 என்று அளந்து வைத்த குண்டை அது அங்கேயே நெருக்கிச் சிறுக்க வைத்து, குழலுக்குள் சந்தோடு அனுப்பிவிடும். அறைகள் அனைத்தும் காலியாக இருப்பதை இருமுறை பார்த்து உறுதி செய்த பின், எண்ணெய் தடவிய மென்மையான ஈயத் துண்டு ஒன்றைக் குழலுக்குள் மெதுவாகத் தட்டி ஓட்டி எடுத்து அளந்து பாருங்கள். அவ்வாறே ஒவ்வொரு முன்வாயையும் அளந்து பாருங்கள். அச்சில் குறிக்கப்பட்டுள்ள எண்ணை நம்ப வேண்டாம். உலோகக் கலவையைப் பொறுத்து, ஒரே அச்சிலிருந்து வெவ்வேறு அளவில் குண்டுகள் விழும்.

கோடுகள் குழலின் எந்த இடத்தில் படிந்துள்ளன என்று நீங்கள் எழுதவில்லை. விளக்கைப் பிடித்துப் பாருங்கள். உருளைக்கு அருகில், குழல் தொடங்கும் இடத்திலேயே படிந்திருந்தால், பெரும்பாலும் குண்டு சிறியது என்று பொருள். தொடக்கம் சுத்தமாக இருந்து, வாயை நெருங்கும் கடைசிப் பகுதியில் மட்டும் படிந்திருந்தால், வழியில் மசகு தீர்ந்துவிட்டது என்று பொருள். மசகை மாற்றுவதும் கூட்டுவதும் இரண்டாவது நிலையில்தான் பயன் தரும். எல்லாம் சரியாக அமைந்தால், சில முறை சுட்டதும் குழலின் வாயைச் சுற்றி மசகு நட்சத்திர வடிவில் மெல்லியதாகப் படியும். அந்த நட்சத்திரத்தைப் பார்த்த பிறகுதான் அனுபவசாலிகள் நிம்மதி அடைகிறார்கள்.

சக்கரக் கிரீஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது நிற்காமல் சுழலும் சக்கரத் தாங்கிகளுக்காகச் செய்யப்பட்டது. குண்டின் பள்ளத்தில் நின்று, ஒரு நொடியின் சிறு பகுதியில் தன் வேலையை முடித்துவிடும் பொருள் அல்ல. டெக்சாஸ் கோடையில் மூடிய காருக்குள் தோட்டாப் பெட்டியை வைத்தால் அது இளகி, உள்ளே கசிந்து, மருந்தை நனைத்துவிடும். மருந்து நனைந்த தோட்டா சரியாக வெடிக்காமல் குண்டு குழலின் நடுவே நின்றுவிட்டு, அதை அறியாமல் அடுத்ததையும் சுட்டுவிட்டால் விளைவு மிக மோசமாக இருக்கும். ஆகவே ஏற்கெனவே கிரீஸ் தடவிச் செய்த தோட்டாக்களைச் சுட வேண்டாம்.

நல்ல மசகுக்கு உடல் வேண்டும், உயவும் வேண்டும். சாதாரண வெப்பத்தில் பள்ளத்தில் கட்டியாக நிற்க வேண்டும். அழுத்தம் வந்ததும் இளகிப் பரவ வேண்டும். அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாகப் புழங்கும் கலவை தேன்மெழுகு ஒரு பாதி, அலாக்ஸ் எனப்படும் மெழுகுக் கூழ் மறு பாதி. அந்நாட்டுத் தேசிய ரைஃபிள் சங்கத்தின் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 டிகிரி செல்சியஸில்தான் உருகும் என்பதால் வெயிலைத் தாங்கும். ஆனால் தனியாக இருந்தால் விறைத்து உதிரும். அதனால்தான் கூட்டுப்பொருள் தேவைப்படுகிறது. சுவாமிமலை ஸ்தபதிகள் சிலைக்குக் கரு பிடிக்கும்போது தேன்மெழுகோடு குங்கிலியத்தையும் கடலை எண்ணெயையும் சேர்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கும் இதே கணக்குத்தான்: நிற்கவும் வேண்டும், வளையவும் வேண்டும்.

தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது, கடையில் கிடைக்கும் திரவ அலாக்ஸ். குண்டுகளை ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் இட்டு, சில துளிகளை விட்டு உருட்டி, மெழுகுத்தாளில் பரப்பி ஓர் இரவு உலர விடுங்கள். உலர்ந்த பின் குண்டின்மேல் மங்கலான பொன்னிறம் தெரிந்தால் போதும். பழுப்பாகத் திரண்டு விரலில் பிசுபிசுத்தால் அளவு மீறிவிட்டது. அந்தப் பிசுக்கு, தோட்டாக்கூட்டில் குண்டைப் பொருத்தும் கருவியில் அடைந்து, குண்டு உட்காரும் ஆழத்தை மாற்றிவிடும். உங்கள் ரிவால்வரின் மிதமான வேகத்துக்கு இந்த மெல்லிய பூச்சே தாராளம்.

இன்னும் கொஞ்சம் பொறுமை இருந்தால் தட்டு முறையைப் பின்பற்றலாம். குண்டுகளைத் தட்டையான தட்டில் அடிப்பாகம் கீழே இருக்கும்படி வரிசையாக நிறுத்தி, உருக்கிய மசகை மேல் பள்ளம் மூழ்கும் அளவுக்கு ஊற்றி ஆற விட வேண்டும். கடாயில் ஊற்றிய கடலை மிட்டாய்ப் பாகைப்போல அது முழு வில்லையாக இறுகிவிடும். பிறகு பின்புறம் அறுத்த வெற்றுத் தோட்டாக்கூட்டை ஒவ்வொரு குண்டின் மேலும் செலுத்தினால், பள்ளத்தில் மட்டும் மசகு நிறைந்த குண்டு தனியே வந்துவிடும். அடிப்பாகத்தில் ஒட்டியிருப்பதைத் துடைத்துவிடுங்கள். குண்டை அளவாக்கி மசகையும் ஒரே இழுப்பில் ஏற்றும் கைப்பொறிகள் உண்டு. மாதம் ஆயிரம் குண்டு வார்க்கும் காலம் வந்தால் வாங்கிக்கொள்ளலாம். இப்போது பலர் மசகையே விட்டுவிட்டு, இரும்புச் சாமான்களுக்குப் பூசும் பாலியெஸ்டர் தூளைக் குண்டின்மேல் ஒட்டவைத்து, சுமார் 200 டிகிரி செல்சியஸில் இருபது நிமிடம் சுட்டெடுக்கிறார்கள். சுத்தமான முறைதான், ஆனால் அதற்கென்று தனி அடுப்பு வேண்டும், உணவு சமைக்கும் அடுப்பு அல்ல.

குண்டு எவ்வளவு கடினமோ அவ்வளவு நல்லது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மிதமான அழுத்தத்தில் ஓரளவு மென்மையான குண்டுதான் அடிப்பகுதி விரிந்து குழலை அடைக்கும். கல்லைப் போன்ற குண்டு விரியாமல் சந்தை அப்படியே விட்டுவிடும். காரீயத்தோடு சிறிது வெள்ளீயம் சேர்த்தால் அச்சு நன்றாக நிரம்பும். நம் வீட்டு ரசத்துக்கான ஈயச் சொம்பு அந்த வெள்ளீயம்தான். நீங்கள் உருக்குவது காரீயம், அதாவது நஞ்சு. பழைய கார்ச் சக்கர எடைக்கட்டிகளை உருக்குவதானால் துத்தநாகக் கட்டிகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். காரீயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகத்துக்கு ஏறத்தாழ 420 டிகிரி வேண்டும் என்பதால், சூட்டை அடக்கி வைத்தால் தவறி விழுந்த கட்டி மேலே மிதந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

உருகிய ஈயத்தில் ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் அது நொடியில் ஆவியாகிப் பாத்திரத்தில் உள்ளதையெல்லாம் முகத்தில் வீசிவிடும். அடுத்த அபாயம் மேலே படியும் கசடும் அதன் தூளும். கைகளைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள். வார்க்கும்போது அணிந்த சட்டையோடு பேரக்குழந்தையைத் தூக்காதீர்கள். குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021இல் வரையறுத்துள்ளது. இப்போது படிந்திருக்கும் ஈயத்தை, செம்பு இழைத் தேய்ப்பானைத் தூரிகையில் சுற்றித் தேய்த்து எடுங்கள். செம்பு உறையிட்ட குண்டுகளைச் சுட்டுத் துடைக்கலாம் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

கேள்வி: பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். 1857இல் கொழுப்புத் தடவிய தோட்டாவால் கிளர்ச்சி மூண்டது என்று பாடம் நடத்தும்போது ஒரு மாணவி, “கொழுப்பே தடவாமல் விட்டிருக்கலாமே, ஏன் தடவினார்கள்?” என்று கேட்டாள். என்ன பதில் சொல்வது? (ஆசிரியர், திருநெல்வேலி)

பதில்: கேட்க வேண்டிய கேள்வியை அந்த மாணவி கேட்டிருக்கிறாள். 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியில் குண்டு குழலின் வாய் வழியாக உள்ளே போக வேண்டும். அதே குண்டு வெளியே வரும்போது வரிகளைக் கவ்விச் சுழல வேண்டும். ஆகவே 0.577 அங்குலக் குழலுக்குச் சற்றுச் சிறிய குண்டைச் செய்து, அதன் அடியில் குழி விட்டு, வெடிக்கும்போது விரிந்துகொள்ளுமாறு அமைத்தார்கள். குண்டைச் சுற்றிக் காகிதம், காகிதத்தின்மேல் கொழுப்பு. கரும் வெடிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடக் கசடாகவே மிஞ்சும். கொழுப்பு இல்லாவிட்டால் அந்தக் கசடு பாறைபோல் இறுகி, சில முறை சுட்டதும் அடுத்த குண்டைத் தடிகொண்டு இடித்தாலும் உள்ளே இறக்க முடியாது. போர்க்களத்தில் அப்படி நின்றுபோன துப்பாக்கி வெறும் ஈட்டிக்கம்புதான். கொழுப்பு அந்தக் கசடை இளக வைத்தது. எனவே ஏதாவது ஒரு மசகு தவிர்க்க முடியாதது; எந்த மசகு என்பதில்தான் கும்பினி அதிகாரிகள் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தி உண்டு. இந்திய வெயிலில் இந்தக் கொழுப்பு தாங்குமா என்று பார்ப்பதற்காக 1853இல் மாதிரித் தோட்டாக்கள் இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்டன. கல்கத்தா, கான்பூர், ரங்கூன் ஆகிய இடங்களில் காவல் சிப்பாய்களின் பைகளில் அவை சுமக்கப்பட்டன. அப்போதே வங்கப் படையின் அட்ஜுடன்ட் ஜெனரலாக (படை நிர்வாகத் தலைவராக) இருந்த கர்னல் டக்கர், சாதி உணர்வைப் புண்படுத்தாத கொழுப்பு என்று தெரியும்வரை இந்தியப் படைகளுக்கு இவற்றைக் கொடுக்கக் கூடாது என்று எழுதினார். எச்சரிக்கை கோப்பில் உறங்கியது. வெயிலுக்குச் சோதனை நடந்தது, மனிதர்களின் மனத்துக்கு நடக்கவில்லை. பின்னர் விசாரித்தபோது, கொழுப்பு எந்த விலங்கினுடையது என்று ஒப்பந்தத்தில் நிபந்தனையே இல்லை என்பது வெளிப்பட்டது.

தோட்டாவின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழிப்பது அன்றைய பயிற்சி முறை என்பதால், சந்தேகம் நேராக வாய்க்கே வந்தது. தோட்டாவில் தடவியிருப்பது பசு, பன்றிக் கொழுப்பு என்ற செய்தி 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் பரவியதும், அந்த மாதம் 27ஆம் தேதியே சிப்பாய்கள் தாங்கள் விரும்பும் மசகைத் தாங்களே தடவிக்கொள்ளலாம் என்று அரசு உத்தரவிட்டது. பிறகு கையால் கிழிக்கவும் அனுமதித்தது. காலம் கடந்துவிட்டது. பாரக்பூர் விசாரணையில் சிப்பாய்கள் கொழுப்பை விட்டுவிட்டுப் புதிய காகிதத்தின் பளபளப்பையே சந்தேகித்தார்கள். எரிக்கும்போது அது கொழுப்புப் பட்டதுபோல் சடசடத்தது என்றார்கள். ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 90 பேரில் 85 குதிரைப்படையினர் வாங்க மறுத்தவை புதிய தோட்டாக்கள் அல்ல, அவர்கள் வழக்கமாகப் பயன்படுத்திய பழைய வகையே. இந்த ஒரு தகவலை மாணவியிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி: மதுரையில் துப்பாக்கி சுடும் மன்றத்தில் உறுப்பினராக உள்ளேன். செலவைக் குறைக்க வீட்டிலேயே குண்டு வார்த்துத் தோட்டா செய்துகொள்ளலாமா?

பதில்: கூடாது. அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா செய்ய மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதற்குத்தான் தேவை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி உரிமம் இன்றி வெடித்தோட்டா தயாரிப்பது குற்றம்; துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம் இதற்குப் பொருந்தாது. செலவைப் பற்றி உங்கள் மன்றச் செயலாளரிடம் பேசுங்கள்.