வாசகர் கேள்வி – பதில்: குரு சொன்னதும் பிறர் சேர்த்ததும்

கேள்வி: எங்கள் குரு சமாதியடைந்து ஒரு தலைமுறை கடந்துவிட்டது. அவரிடம் நேரில் கேட்டவர்கள் எழுதிய நோட்டுப் புத்தகங்களும் சில ஒலிநாடாக்களும் மன்றத்தில் உள்ளன. அவற்றை நூலாக்கும்போது பேச்சுவழக்கைத் திருத்தி, இக்காலத்துக்கு ஒவ்வாதவற்றை நீக்கலாம் என்கின்றனர் இளைய நிர்வாகிகள். ஓர் எழுத்தையும் தொடக் கூடாது என்கின்றனர் மூத்தவர்கள். எது சரி?
– மன்றச் செயலாளர் ஒருவர், சோழவந்தான்

பதில்: இரு தரப்பினரும் மூலத்தையும் நூலையும் ஒன்றென எண்ணி வாதிடுவதாகத் தோன்றுகிறது. மூலத்தைத் தொடக் கூடாது. நூலைச் செப்பம் செய்யலாம், ஆனால் செப்பம் செய்த கை வெளியே தெரிய வேண்டும்.

திருச்சுழியில் பிறந்து, 1896இல் மதுரை சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டிலிருந்து திருவண்ணாமலைக்குப் புறப்பட்ட ரமணரை எடுத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகள் கழித்துச் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு அவர் பேசாமல் எழுதிக் காட்டியே விடையளித்தார். பிள்ளை படியெடுத்து வைத்திருந்த அவ்விடைகள் 1923இல் ‘நான் யார்?’ என்று அச்சேறின. அதன் பிறகு கேள்விகளின் எண்ணிக்கை வேறுபடும் பதிப்புகள் வந்தன. கேள்விகளே இல்லாத கட்டுரை வடிவத்தை ரமணரே எழுதினார். உடல், புலன்கள் என்று ஒவ்வொன்றாக அடுக்கி ‘இவை நான் அல்ல’ என்று விலக்கும் பகுதி, சாத்திரப் பயிற்சியுள்ள பிள்ளை விளக்கத்துக்காகச் சேர்த்தது என்று அடியார்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இது சிறிய செய்தி அன்று. அந்த விலக்குதலையே முதன்மையான பயிற்சியாகக் கொள்வதா, ‘நான்’ என்னும் உணர்வைப் பற்றி நிற்பதா என்பதே இதனால் மாறிவிடும். குரு உயிரோடிருந்து, தாமே பார்த்துத் திருத்திய நூலிலேயே இவ்வளவு அடுக்குகள் உண்டென்றால், உங்கள் நோட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே ஒவ்வொரு நோட்டிலும் எழுதியவர் பெயரையும், கேட்ட அன்றே எழுதியதா, பின்னர் நினைவிலிருந்து எழுதியதா என்பதையும் குறியுங்கள். இருவர் குறிப்பு முரண்பட்டால் இரண்டையும் அச்சிடுங்கள். தேதியும் அவசியம். திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் 1867இல் வெளிவந்தன. ஆறாம் திருமுறையோ வள்ளலார் மறைவுக்குப் பின்னர், 1885இல்தான் அச்சேறியது. சைவத்தின்மீது தமக்கு முன்பிருந்த பற்றைத் தாமே விட்டுவிட்டதாக அவர் 1873ஆம் ஆண்டுப் பேருபதேசத்தில் கூறினார். குருமாரும் வளர்கிறார்கள், காலவரிசையைக் கலைத்துவிட்டால் அவர் கடந்துவந்த கருத்தே அவருடைய முடிந்த முடிபாக நின்றுவிடும்.

ஒலிநாடாக்களை அடிக்கடி ஓட்டாமல், பழகியவர் ஒருவரிடம் கொடுத்து ஒரே முறையில் கணினிக்கு மாற்றிவிடுங்கள். கொச்சையோடும் தயக்கத்தோடும் சொல்லுக்குச் சொல் ஒரு படி எழுதுங்கள். (பல மன்ற வெளியீடுகளில் குருவின் குரலைவிடத் தட்டச்சு செய்தவரின் தமிழ்ப்புலமையே ஓங்கி ஒலிக்கிறது.) நூலில் பேச்சுவழக்கைத் திருத்தலாம், தொகுப்பாசிரியரின் விளக்கம் தனி எழுத்தில், அவர் பெயரோடு வரட்டும். ஆனால் ஒவ்வாதவற்றை நீக்குவதற்கு நான் உடன்படமாட்டேன். அடிக்குறிப்பில் மறுப்பு எழுதுங்கள். இன்று சங்கடமாகத் தோன்றும் வரியே நாளை ஒருவருக்குத் திறவுகோலாகலாம். மூலங்களின் ஒரு படி மன்றத்துக்கு வெளியே, ஒரு நூலகத்தில் இருக்கட்டும். நிர்வாகத்தில் பிளவு வந்தால், அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் சொல்வதே உபதேசம் என்றாகிவிடும்.

கேள்வி: ஏடும் நோட்டும் அழியக்கூடியவை. ஓதுவார்களைப் போல மனப்பாடமாகவே காத்துவிட முடியாதா?
– வாசகி ஒருவர், திருமங்கலம்

பதில்: பாட்டுக்கு ஓரளவு முடியும். எதுகையும் சந்தமும் பண்ணும் சேர்ந்து காவல் நிற்பதால் ஓரசை பிசகினாலும் காதில் இடறும். வேதம் ஓதுவோரும் சொற்களை முன்னும் பின்னுமாக மாற்றிக் கோத்து ஓதும் சடை, கனம் போன்ற முறைகளை இதற்காகவே வகுத்துக்கொண்டனர். உரைநடைப் பேச்சுக்கு அந்தக் காவல் இல்லை. தேவாரத்துக்கே கூட நினைவு மட்டும் போதவில்லை: ஞானசம்பந்தரின் திருவிடைவாய்ப் பதிகம் தொகுப்பில் இடம்பெறாமல் போய், இருபதாம் நூற்றாண்டில்தான் அவ்வூர்க் கோயில் கல்வெட்டிலிருந்து கிடைத்தது.

உங்கள் குரு பாடல்கள் பாடியிருந்தால் அவற்றைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகக் கற்பியுங்கள். ஒருவர் சொல்லும்போது மற்றொருவர் மூலப் படியைக் கையில் வைத்துச் சரிபார்க்கட்டும்.