திரும்பிப் பார்க்கும் பையன்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான் கணித ஆசிரியர். உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் காலியாக இருப்பதால் பள்ளி வாலிபால் அணியை என் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான். பயிற்சியில் அவனைப்போல சர்வீஸை எடுக்க ஆளில்லை. போட்டி என்றால் பதறுகிறான். இரண்டு பந்து தவறினால் அன்றைக்கு அவ்வளவுதான். போன போட்டியில் எல்லோர் முன்னாலும் திட்டி வெளியே உட்கார வைத்தேன். ரோஷம் வரட்டும் என்றுதான் செய்தேன். கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானையே பள்ளி அணியிலிருந்து நீக்கினார்களே! இந்த வயதுப் பிள்ளைகளுக்கு மன உறுதியை எப்படி ஊட்டுவது? அப்புறம், கேப்டனாக நன்றாக ஆடுபவனைப் போடுவதா, மூத்தவனையா? ஓரத்தில் நின்று கத்தும் பெற்றோரை என்ன செய்வது?

அன்புடன்,
ஓர் ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கேப்டனைப் பையன்களிடமே கேளுங்கள், யார் என்று அவர்களுக்குத் தெரியும். பெற்றோர் விஷயம் பிறகு. முதலில் உங்கள் கத்தல் நிற்கட்டும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். சமீபத்தில் ஒரு பள்ளிப் போட்டியைப் பார்த்ததிலிருந்து இதே யோசனையாகத்தான் இருந்தேன், உங்கள் கடிதம் வந்தது. வேறு வேலையும் வைத்துக்கொண்டு மாலையில் பிள்ளைகளோடு மைதானத்தில் நிற்பவர் நீங்கள். அந்த அக்கறை இல்லாதவருக்கு இவ்வளவு நீளமாக எழுதமாட்டேன்.

ஜோர்டான் கதையை இனி எந்தப் பையனிடமும் சொல்லாதீர்கள். 1978இல் அமெரிக்காவின் லேனி உயர்நிலைப் பள்ளியில், 15 வயதில், அவருக்கு முதன்மை அணியில் இடம் கிடைக்கவில்லை. அவர் வயதுப் பையன்களில் அவரைவிட உயரமான ஒருவனை எடுத்தார்கள். ஜோர்டானை இளையோர் அணியில் போட்டார்கள், அங்கே அவர் ஆடினார், ஆடி ஆடித் தேறினார். அவரை யாரும் பெஞ்சில் உட்கார வைத்து வளர்க்கவில்லை. அவமானம் ஆளை உருவாக்கும் என்று நம்ப விரும்புகிறவர்கள் அந்தக் கதையில் பாதியை வெட்டிவிட்டார்கள்.

நான் ஒரு பள்ளி அணியைப் பார்த்துக்கொண்ட காலத்தில் வேறு பள்ளியிலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான். நல்ல கால், நல்ல கண். ஆனால் ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் கழுத்து பெஞ்சுப் பக்கம் திரும்பிவிடும். தவறினாலும் திரும்பும், புள்ளி கிடைத்தாலும் திரும்பும். என் முகத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பான். பழைய பயிற்சியாளர் என்ன சொல்லி வளர்த்திருப்பார் என்று விசாரிக்கத் தேவையே இருக்கவில்லை.

வாலிபாலில் அப்படித் திரும்ப நேரம் கிடையாது. நடுவர் விசில் ஊதினால் 8 விநாடிக்குள் அடுத்த சர்வீஸ் வந்தாக வேண்டும். பந்து வரும்போது அவன் இன்னும் நிமிர்ந்தே நிற்பான், முழங்கால் மடங்கியிருக்காது, அடுத்ததும் போகும். நீங்கள் ‘பதறுகிறான்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பதற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தீர்களா? உங்கள் பையன் எதிரணியைப் பார்த்துப் பயப்படவில்லை, சார். உங்களைப் பார்த்துப் பயப்படுகிறான்.

என்னிடம் வந்த பையனுக்கு நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. பயிற்சியின்போது அவன் என் முகத்தைப் பார்க்க முடியாதபடி பின்கோட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். பந்து தவறினால் ஒரே கேள்வி: “எங்கே பட்டது?” அவன் சொல்வது, “சாரி சார்.” திரும்பவும், “எங்கே பட்டது?” திரும்பவும், “சாரி சார்.” மணிக்கட்டுக்கு மேலே, முன்கையின் தட்டையான இடத்தில் பட வேண்டிய பந்து அவனுக்குக் கட்டைவிரல் பக்கமாகப் பட்டுத் தெறித்துக்கொண்டிருந்தது. தோலே சிவந்து காட்டிக்கொடுக்கும், அவன்தான் பார்க்கவில்லை. பல வாரம் கழித்து ஒருநாள், தானாகவே கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “விரல்ல பட்டுது சார், லேட்டா உக்காந்தேன்” என்றான். அன்றைக்கு எனக்கு ஒரு கோப்பையே கிடைத்ததுபோல இருந்தது. மன்னிப்புக் கேட்பதை விட்டுவிட்டுப் பந்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டானே!

உங்களைப்போல வகுப்பறையிலிருந்து வந்த இன்னொருவரைச் சொல்கிறேன். ஜான் வுடன் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்துகொண்டே கூடைப்பந்து அணியைப் பழக்கியவர். பிறகு கலிபோர்னியாவில் யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணிக்கு 1964 முதல் 1975 வரை 10 தேசியப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்தார். அவருடைய கடைசிப் பருவத்தில் இரண்டு உளவியலாளர்கள் பயிற்சி மைதானத்தில் உட்கார்ந்து அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் குறித்துக்கொண்டார்கள். 15 பயிற்சிகள், 2,326 குறிப்புகள். பாராட்டு 6.9 சதவீதம். அதிருப்தி 6.6 சதவீதம். முக்கால் பங்கு வெறும் தகவல்: எதைச் செய், எப்படிச் செய், எப்போது செய். அவரும் கடிந்துகொள்வார், ஆனால் அந்த வாக்கியம் முடிவதற்குள் சரியான முறையும் சொல்லப்பட்டிருக்கும்.

நீங்கள் போன போட்டியில் கத்தியதை நினைவுபடுத்தி எழுதிப் பாருங்கள். “என்னடா பண்றே”, “கவனம் எங்கே இருக்கு”, “எத்தனை தடவை சொல்றது”. இதில் ஒன்றையாவது வைத்துக்கொண்டு அவன் அடுத்த பந்தை எடுக்க முடியுமா? கணக்கு வகுப்பில் தப்பாகப் போட்டவனிடம் எந்த வரியில் பிசகியது என்றுதானே காட்டுகிறீர்கள்? மைதானத்தில் மட்டும் ஏன் வேறு ஆசிரியராகிவிடுகிறீர்கள்?

ஆளை மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. தொடக்க ஆட்டக்காரர் ஒரு செட்டில் ஒரு தடவை வெளியே வந்து ஒரு தடவை திரும்ப உள்ளே போகலாம் என்று விதியே இடம் கொடுக்கிறது. திரும்ப அனுப்புவதற்காக வெளியே எடுங்கள். பக்கத்தில் உட்கார வைத்து, எதிரணியில் சர்வீஸ் போடுபவன் பந்தை எந்தப் பக்கம் அனுப்புகிறான் என்று அவனையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். நான்கைந்து புள்ளி போகட்டும், பிறகு உள்ளே விடுங்கள். டைம் அவுட்டின் 30 விநாடியில் ஒரு விஷயம்தான் தலையில் ஏறும், அந்த ஒன்றைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க விடுங்கள்.

மன உறுதியை எப்படி ஊட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். அது வாயில் வைத்து ஊட்டுகிற பொருள் இல்லை, அதனால் அதை அப்படியே விடுகிறேன்.

அடுத்த போட்டிக்கு அந்தப் பையனை முதல் ஆறு பேரில் போடுங்கள். ஒரு மாணவனை உட்கார வைத்து, பந்து தவறும்போதெல்லாம் உங்கள் ஆட்டக்காரர்கள் எத்தனை பேர் உங்களைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று குறிக்கச் சொல்லுங்கள். ஸ்கோர் வேண்டாம், அந்த எண்ணிக்கையை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.