ஏஐபி டயட்டுக்கு மொத்தமாகச் சமைத்து ஃப்ரீசரில் வைக்கலாமா?

ஏஐபி (AIP) என்பது, நோய் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் ஆட்டோஇம்யூன் நோய் உள்ளவர்களுக்கான உணவுமுறை. அதில் தானியம், பருப்பு, தக்காளி, மிளகாய், முட்டை, பால் எல்லாம் விலக்கு, தினமும் தனிச் சமையலுக்கு நேரமில்லை என்கிறீர்கள். தாராளமாக வைக்கலாம். தேங்காய் எண்ணெயில் இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலை வதக்கி, மஞ்சள் போட்டுக் கோழிக் குழம்பு ஒரு பெரிய பாத்திரம் வைத்துவிடுங்கள். மல்லி, சீரகம், கடுகு, மிளகுகூட, உணவுகளை விலக்கி வைக்கும் இந்த முதல் கட்டத்தில் கிடையாது, கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு இருக்கும், அதுவும் வேண்டாம். தேங்காய்ப்பாலை மட்டும் சூடாக்கும்போது ஊற்றிக்கொள்ளுங்கள், உறைய வைத்தால் திரிந்த மாதிரி பிரிந்து நிற்கும். 2 மணி நேரத்துக்குள் ஆறவைத்து, ஒருவேளை அளவாக ஜிப் பையில் தட்டையாகப் பரப்பி, தேதி எழுதி -18 டிகிரியில் வைத்தால் 2, 3 மாதம் ருசி குறையாது. மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு அருமையாக நிற்கும். சுரைக்காய் சொதசொதவென்று ஆகிவிடும், அதை அன்றன்றைக்கே செய்வதுதான் சரி. அப்புறம், முந்தைய இரவே பையை ஃப்ரிட்ஜுக்குள் இறக்கி வையுங்கள், சமையல் மேடையில் வைத்து உருக்க வேண்டாம்.