ஊழியர்களுக்கு உற்சாகம் இல்லையா? முதலாளிகள் பலரின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பதினைந்து பேர் வேலை செய்யும் பட்டறை நடத்துகிறேன். தாமதமாக வந்தால் அபராதம் என்று அறிவித்த பிறகு தாமதம் இன்னும் கூடிவிட்டது, சார்!

பதில்: ஆச்சரியமே இல்லை. இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைக் காப்பகங்களில் இதைச் சோதித்திருக்கிறார்கள். கனீசி, ருஸ்டிகினி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வு அது. பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டதும் தாமதம் அதிகரித்தது. அதுவரை ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் இருந்தது. அபராதம் வந்ததும், அதுதான் காசு கொடுக்கிறோமே என்று அந்தக் கூச்சம் போய்விட்டது. கொடுமை என்னவென்றால், அபராதத்தை நீக்கிய பிறகும் தாமதம் குறையவில்லை.

அதனால் நீங்கள் அபராதத்தை எடுத்தால் மட்டும் போதாது. தாமதமாக வந்தவரைத் தனியாகக் கூப்பிட்டு, அவர் வராத அரை மணி நேரத்தில் யாருடைய வேலை நின்றது என்பதைச் சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்று: சரக்கு வரும்வரை காலையில் எல்லாரும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களா? அப்படியென்றால் நேரத்துக்கு வருவதில் அவர்களுக்கு என்ன அர்த்தம் இருக்கிறது?

கேள்வி: சம்பளம் கூட்டினேன். உற்சாகம் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை.

பதில்: சம்பளம் குறைந்தால் மனம் கசக்கும்; கூடினால் கசப்பு போகும், ஆனால் வேலையில் ஆர்வம் தானாக வராது. உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959-லேயே சொன்னது இது. ஆர்வம் வருவது பொறுப்பாலும் செய்ததற்குக் கிடைக்கும் மதிப்பாலும் என்றார். ஆட்கள் நிலைக்காமல் வேலையை விட்டுப் போய்க்கொண்டே இருந்தால் கதை வேறு. அமெரிக்கக் கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டு 1914-இல் நாளுக்கு 5 டாலர் சம்பளம் என்று அறிவித்ததும் ஆட்கள் விலகுவது வெகுவாகக் குறைந்தது. உங்கள் சம்பளம் மற்ற இடங்களைவிடக் குறைவு என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அதைச் செய்யாமல் ஊக்கம் பற்றிப் பேசினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி: மாதம் ஒரு 'சிறந்த ஊழியர்' விருது தரலாமா? மொத்தம் எட்டுப் பேர்.

பதில்: வேண்டாம். ஒன்று, முறை வைத்துக் கொடுப்பீர்கள். இல்லை, ஒரே ஆளுக்கே போகும்.

கேள்வி: என் கெட்டிக்கார ஊழியர் இப்போது வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்கிறார்.

பதில்: சீக்கிரம் முடித்தவருக்கு என்ன கொடுத்தீர்கள்? பக்கத்து மேசையில் தேங்கிய வேலையைத்தானே? அவர் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். இதைச் சோம்பல் என்று நான் சொல்லமாட்டேன். மிச்சமாகும் நேரத்தில் புதிய இயந்திரத்தைக் கற்கட்டும், வாடிக்கையாளரிடம் நேரடியாகப் பேசட்டும், இல்லை வீட்டுக்குப் போகட்டும். கூடுதல் வேலை தருவதாக இருந்தால் கூடுதல் பணமும் தாருங்கள்.

கேள்வி: என் தம்பியும் இங்கேதான் இருக்கிறான். இஷ்டப்பட்ட நேரத்துக்கு வருவான். அது மற்றவர்களைப் பாதிக்குமா?

பதில்: பாதிக்கும். பங்குதாரர் என்றால் லாபத்தில் பங்கு வாங்கிக்கொள்ளட்டும், மேற்பார்வையாளர் நாற்காலி வேண்டாம். ஊழியர் என்றால் வருகைப் பதிவேட்டில் அவர் பெயரும் இருக்க வேண்டும். எது என்று இந்த வாரமே அவரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.