அந்தமான் செலவு கையைக் கடிக்காமல் இருக்க: கேள்வி பதில்

சேலம் வாசகர்: நாங்கள் நாலு பேர். ஆறு நாளில் ஹேவ்லாக், நீல், பாராடாங், டிக்லிபூர் எல்லாம் பார்த்துவிட முடியுமா? பட்ஜெட் கொஞ்சம் இறுக்கம்.

ஓடி ஓடிப் பார்க்கலாம். ஆனால் பாதி நேரம் படகுத்துறையில் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருப்பீர்கள். அந்தமானில் காசைத் தின்பது அறை வாடகையைவிடக் கடலைத் தாண்டுவதுதான். ஒவ்வொரு டிக்கெட்டும் உங்களுக்கு நாலு டிக்கெட். துறைக்குப் போக ஆட்டோ, காத்திருப்பு, புது அறை என்று அரை நாளும் போய்விடும்.

விமானம் வந்து இறங்கும் போர்ட் பிளேரிலிருந்து டிக்லிபூர் சாலை வழியே சுமார் 300 கி.மீ. போக ஒரு நாள், வர ஒரு நாள். இந்த முறை விட்டுவிடுங்கள். போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், மறுபடி போர்ட் பிளேர் என்று முக்கோணமாகச் சுற்றினால் மூன்று படகுப் பயணத்தில் முடிந்துவிடும். போய் இறங்கும் அன்று போர்ட் பிளேர், ஹேவ்லாக்கில் இரண்டு இரவு, நீலில் ஒன்று, கடைசி இரவு கண்டிப்பாக போர்ட் பிளேர். காற்று பலமாக அடித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். விமானம் உங்களுக்காக நிற்காது.

டிக்கெட்டில் ஸ்வராஜ் த்வீப் என்று இருந்தால் அது ஹேவ்லாக், ஷஹீத் த்வீப் என்றால் நீல். போர்ட் பிளேருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்.

கோவை வாசகர்: அரசுப் படகா, தனியார் படகா?

அரசுப் படகு பல மடங்கு மலிவு. ஹேவ்லாக் போக இரண்டரை மணி நேரம் போல ஆகும். மேல்தளத்தில் நின்று காற்று வாங்கலாம். தனியார் படகு ஏசி போட்டது, ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடும், ஆனால் பெரும்பாலும் கண்ணாடிக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அரசுப் படகு முதலில் தீவுவாசிகளுக்கானது. ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் அவர்கள் அதில்தான் போகிறார்கள். அதனால் சீட் கிடைப்பது நிச்சயமில்லை. ஹேவ்லாக்கிலிருந்து நீல் போகும் குறுகிய பயணத்துக்கு அரசுப் படகை முயன்று பாருங்கள். நீலிலிருந்து திரும்புவதற்குத் தனியார் டிக்கெட்டை முன்பே எடுத்து வைத்துக்கொள்வது நிம்மதி.

சென்னை, கல்லூரி மாணவர்: அண்ணா, சென்னையிலிருந்து கப்பலில் போனால் மிச்சமாகுமா?

பங்க் வகுப்பில் (அடுக்குப் படுக்கை) போனால் டிக்கெட் மலிவுதான் தம்பி. ஆனால் ஏறக்குறைய மூன்று நாள் பயணம், மாதத்துக்குச் சில கப்பல்தான், தேதியும் மாறும். சாப்பாட்டுக்குத் தனிக் காசு. முன்கூட்டி எடுத்தால் விமானமும் ரொம்ப எட்டாத விலை இல்லை, இரண்டேகால் மணி நேரத்தில் இறங்கிவிடலாம். செமஸ்டர் லீவு நீளமாக இருந்தால், போகும்போது மட்டும் கப்பல், வரும்போது விமானம் என்று வைத்துக்கொள். போகவர இரண்டும் கப்பல் என்றால் வாந்தி மாத்திரையோடு பொறுமையும் வேண்டும்.

திருநெல்வேலி வாசகி: அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், சைவம் வேறு. சிரமப்படுவாரா?

போர்ட் பிளேரில் கவலையே வேண்டாம். தமிழ்க் குடும்பங்கள் ஏராளம், முருகன் கோயிலும் உண்டு. அபர்தீன் பஜார் பக்கம் இட்லி, தோசைக்குத் தட்டுப்பாடு இல்லை. ஹேவ்லாக்கில் கதை வேறு. அங்கே குடியேறியவர்களில் பெரும்பாலோர் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். தட்டில் மீன்தான் முதலில் விழும். ரிசார்ட்டில் சாப்பிடாமல் மூன்றாம் நம்பர் பஜாருக்கு நடந்து போங்கள் (ஊர்களை அங்கே நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், ராதாநகர் கடற்கரை ஏழாம் நம்பர்). சோறு, பருப்பு, ஒரு காய் என்று சைவச் சாப்பாடு கேட்டால் கொடுப்பார்கள், விலையும் ரிசார்ட்டில் கேட்பதைவிடக் குறைவுதான். கையில் ரொக்கம் இருக்கட்டும். 2020-ல் கடலடி கேபிள் வந்தபிறகு நெட் தேவலை என்றாலும், சின்னத் தீவில் ஜிபே சில நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஈரோடு வாசகர்: நீச்சல் தெரியாது. ஸ்கூபாவுக்குக் காசு கொடுப்பது வீணா?

வீணில்லை. நீச்சல் தெரியாதவர்களைப் பயிற்சியாளர் பிடித்தபடியே கடலுக்கடியில் கூட்டிப்போகும் டைவ் இருக்கிறது. ஆஸ்துமா, இதயக் கோளாறு இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முக்கியமான விஷயம், டைவ் செய்தபின் குறைந்தது 18 மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது. அதனால் பயணத்தின் முதல் பாதியிலேயே முடித்துவிடுங்கள். சேர்த்து விற்கும் ஜெட் ஸ்கீ, வாழைப்பழப் படகு எல்லாம் மெரினாவைத் தாண்டி வந்தவருக்கு எதற்கு? அந்தக் காசுக்கு ஹேவ்லாக்கில் ஒரு நாள் ஸ்கூட்டர் எடுக்கலாம். லைசென்ஸ் மறக்காதீர்கள்.

மதுரை வாசகர்: பாராடாங் போகலாமா?

நான் சொல்லமாட்டேன். சுண்ணாம்புக் குகையும், சதுப்புக்காட்டு ஓடையில் படகுச் சவாரியும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நடுராத்திரி எழுந்து, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, கான்வாயில் (காவலோடு சேர்ந்து போகும் வண்டி வரிசை) ஜராவா பழங்குடியினரின் காட்டுக்குள்ளே போக வேண்டும். 2002-லேயே உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதிச் சாலையை மூடச் சொன்னது. வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. தனி வண்டி வாடகையும் பட்ஜெட்டில் பெரிய ஓட்டை. போயே தீருவேன் என்றால் வண்டியை நிறுத்தாதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள், எதுவும் கொடுக்காதீர்கள். மூன்றுமே சட்டப்படி குற்றம்.

தஞ்சாவூர் வாசகி: எந்த மாதம் மலிவு? நீலில் ஒரு நாள் போதுமா?

கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களைத் தவிருங்கள். பிப்ரவரி, மார்ச்சில் கடலும் அமைதி, அறை வாடகையிலும் பேரம் பேசலாம். மே கடைசியிலிருந்து மழை.

நீலுக்கு ஒரு முழு நாள் போதும், ஆனால் அலைமட்டம் பார்த்துப் போங்கள். இயற்கைப் பாறைப் பாலத்துக்குக் கடல் வற்றும் நேரத்தில்தான் நடந்து போக முடியும். பாறைக் குழிகளில் தங்கிய தண்ணீரில் நட்சத்திர மீனும் கடல் வெள்ளரியும் கிடக்கும். வழுக்கும், நல்ல பிடிமானமுள்ள செருப்பு வேண்டும். குளிர்காலத்தில் ஐந்தரைக்குள் இருட்டிவிடும் என்பதால் சூரியன் மறைவதைப் பார்க்க நாலு மணிக்கே லட்சுமண்பூர் கடற்கரைக்குக் கிளம்பிவிடுங்கள்.

நாகர்கோவில் வாசகர்: கரையில் கிடக்கும் பவளத்துண்டு, சங்கு எடுத்து வரலாமா?

கூடாது. செத்த பவளமாக இருந்தாலும் ஏர்போர்ட்டில் பையைத் திறந்து எடுத்துவிடுவார்கள், வழக்கும் வரலாம். சங்குப் பொருள் வேண்டுமானால் அனுமதி பெற்ற கடையில் ரசீதோடு வாங்குங்கள்.