நாகர்கோவிலிலிருந்து லைவ் நிகழ்ச்சிகளுக்குப் போகிறவருக்கு எந்த ரிவார்டு கிரெடிட் கார்டு லாபம்?

கேட்டவர் நாகர்கோவில்காரர். வருஷத்தில் சில தடவை சென்னைக்கோ கொச்சிக்கோ திருவனந்தபுரத்துக்கோ இசை நிகழ்ச்சி பார்க்கப் போகிறார். ‘என்டர்டெயின்மென்ட் ஆஃபர்’ என்று விளம்பரம் வருகிற கார்டை எடுக்கலாமா என்பது அவர் கேள்வி. நானும் இதே மாவட்டம்தான், தக்கலைப் பக்கம். எங்கள் வீட்டிலும் கச்சேரி என்றால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் உண்டு. அதனால் இந்தக் கணக்கு எனக்குப் பழக்கமானது.

விளம்பரத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். சென்னையில் இருக்கிறவருக்கு நிகழ்ச்சிச் செலவு என்றால் டிக்கெட்தான். நமக்கு அப்படி இல்லை. போக, வர, தங்க, சாப்பிட ஆகிற செலவு டிக்கெட்டை மிஞ்சிவிடும். அதற்கும் சேர்த்துப் பணம் திரும்ப வருகிற கார்டாகப் பாருங்கள்.

ஒரு கணக்கு போடுவோம். சென்னை நந்தனத்தில் ஒரு நிகழ்ச்சி, இரண்டு பேர், டிக்கெட் ஆளுக்கு 2,500 ரூபாய். டிக்கெட் விற்கிற ஆப்பின் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் 300 என்று வையுங்கள். ரயில் இரண்டு பேருக்கும் போக வர 3,000, ரூம் 3,000, சாப்பாடும் ஆட்டோவும் 2,000. மொத்தம் 13,300. இதில் டிக்கெட் வகையில் போனது 5,300 மட்டும். டிக்கெட்டுக்கு மட்டும் 5 சதவீதம் தருகிற கார்டு என்றால் 265 ரூபாய் கிடைக்கும். ஆன்லைனில் எதை வாங்கினாலும் 5 சதவீதம் என்றால் ரூமுக்கு 150 கூடுதலாக வரும். ரயில் டிக்கெட்டுக்கும் வரும் என்று கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். சில கேஷ்பேக் கார்டுகளில் ரயில்வே விலக்குப் பட்டியலில் இருக்கும். ஐஆர்சிடிசியில் யுபிஐ மூலம் கட்டினால் கன்வீனியன்ஸ் கட்டணமும் குறைவு. ஆகவே கேஷ்பேக் இல்லை என்றால் ரயிலுக்கு யுபிஐயே போதும்.

‘ஒரு டிக்கெட் வாங்கினால் இன்னொன்று இலவசம்’ என்பதையும் நிதானமாகப் பாருங்கள். பெரும்பாலும் அது சினிமா டிக்கெட்டுக்குத்தான். நிபந்தனைப் பக்கத்தைக் கீழே வரை தள்ளினால், கச்சேரி, ஸ்டாண்டப், நாடகம், கிரிக்கெட் மேட்ச் எல்லாம் ‘ஈவன்ட்ஸ்’ என்று தனியாகப் பிரித்து இதில் சேராது என்று போட்டிருப்பார்கள். லைவ் நிகழ்ச்சிக்காகக் கார்டு தேடுகிறவர் முதலில் படிக்க வேண்டிய வரி அதுதான்.

வகை பார்த்து ரிவார்டு தருகிற கார்டுகளில் இன்னொரு சிக்கல். வங்கி பார்ப்பது நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்பதை அல்ல, விற்றவருக்குக் கொடுத்திருக்கிற நான்கு இலக்க வணிக எண்ணை. சினிமா தியேட்டருக்கு 7832, நாடகம் கச்சேரி டிக்கெட் விற்பவர்களுக்கு 7922, விளையாட்டுக்கு 7941. நிகழ்ச்சியை நடத்துகிறவரே தன் பேமென்ட் லிங்க்கில் டிக்கெட் விற்றால் அது வேறு எண்ணில் போய் விழலாம். பார்த்தது கச்சேரியாக இருந்தும் என்டர்டெயின்மென்ட் பாயின்ட் வராது. எந்த ஆப், எந்தக் கடை என்று பார்க்காத கேஷ்பேக் எனக்குப் பிடிப்பதற்கு இதுவும் காரணம்.

ஆப்பை நம்பிக் கார்டு எடுப்பதும் அப்படித்தான். 2024-ல் பேடிஎம்மின் சினிமா, நிகழ்ச்சி டிக்கெட் தொழிலை ஸொமேட்டோ வாங்கியது, டிஸ்ட்ரிக்ட் என்று தனி ஆப் வந்தது. ஆப் கைமாறினால் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற கார்டுச் சலுகையும் மாறும்.

பெயர் சொல்ல வேண்டுமென்றால் இரண்டை ஒப்பிட்டுப் பாருங்கள். எச்டிஎஃப்சி மில்லேனியா, குறிப்பிட்ட சில தளங்களுக்கு 5 சதவீதம் என்ற வகை. புக்மைஷோ அந்தப் பட்டியலில் இருந்து வந்திருக்கிறது. எஸ்பிஐ கேஷ்பேக் கார்டு 2022-ல் வந்தது. தளம் எதுவென்று பார்க்காமல் ஆன்லைன் செலவுக்கு 5 சதவீதம் என்பதே அதன் அடையாளம், விலக்குகள் தனி. நம் கணக்குக்கு இரண்டாவது வகைதான் பொருந்தும். கேஷ்பேக்கின் உச்சவரம்பையும் விலக்குப் பட்டியலையும் வங்கிகள் அடிக்கடி மாற்றும். விண்ணப்பிக்கிற அன்று வங்கியின் தளத்திலேயே பாருங்கள், யூடியூபில் வேண்டாம்.

ஆண்டுக் கட்டணம் 999 என்றால் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்து 1,179 ஆகிவிடும். அதை 5 சதவீத கேஷ்பேக்கில் எடுக்கவே 23,580 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டே நிகழ்ச்சி, வேறு ஆன்லைன் செலவு பெரிதாக இல்லை என்றால் கட்டணமே இல்லாத கார்டு போதும்.

கார்டு வந்தவுடன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டில் ஆன்லைன் பரிவர்த்தனை அணைந்தே வரும், நாம்தான் வங்கி ஆப்பில் போட்டுவிட வேண்டும். பெரிய நிகழ்ச்சியின் டிக்கெட் விற்பனை திறக்கும்போது வரிசையில் காத்திருந்து உள்ளே போனால், பணம் கட்டக் கிடைப்பது சில நிமிஷம். மேலே கடிகாரம் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒருமுறை என் தங்கச்சிக்கு சீட் கிடைத்துவிட்டது. ஆனால் கார்டு அப்பா பெயரில், ஓடிபி போனது அப்பா போனுக்கு, அப்பா நின்றதோ தக்கலைச் சந்தையில். “எண்ணைச் சொல்லுங்கப்பா, எண்ணைச் சொல்லுங்கப்பா” என்று இவள் கத்த, அவர் கண்ணாடியைத் தேடி முடிப்பதற்குள் சீட் போய்விட்டது. டிக்கெட் எடுக்கிறவர் கையிலேயே ஓடிபி வருகிற போன் இருக்கட்டும். கார்டையும் அந்த ஆப்பில் முன்கூட்டியே சேமித்து வையுங்கள்.

இனி வட்டி. பில் தொகையை முழுசாகக் கட்ட முடியாத மாதம் ஒன்று வருமென்று தோன்றினாலே கார்டில் டிக்கெட் எடுக்காதீர்கள். மாதம் 3.75 சதவீத வட்டி என்று வைத்தால், 13,300 ரூபாயையும் கார்டிலேயே போட்டிருந்தால் ஒரு மாத வட்டி சுமார் 499, அதன்மேல் ஜிஎஸ்டி 90. டிக்கெட்டும் ரூமும் சேர்ந்து கொடுத்த 415 ரூபாய் கேஷ்பேக் அந்த ஒரே மாதத்தில் போய்விடும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினாலும் வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடும், அடுத்து வாங்குவதற்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. டிக்கெட்டை இஎம்ஐ ஆக்கச் சொல்லி மெசேஜ் வரும். செயல்பாட்டுக் கட்டணம் தனி, பல கார்டுகளில் கேஷ்பேக்கும் போய்விடும். அதைத் தொடவே வேண்டாம்.

நிகழ்ச்சி ரத்தானால் பணம் கார்டுக்கே திரும்பும், கொடுத்த கேஷ்பேக்கை வங்கி பிடித்துக்கொள்ளும். ஆப்பின் கட்டணம் வருமா என்பது ஆப்பைப் பொறுத்தது.

சம்பளச் சீட்டு இல்லை, கடை வைத்திருக்கிறேன், அல்லது வீட்டுக்காரர் கல்ஃபில் இருக்கிறார் என்கிறவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. பல வங்கிகள் ஃபிக்ஸட் டெபாசிட்டை ஈடாக வைத்துக் கார்டு தருகின்றன. வருமானச் சான்று பெரும்பாலும் கேட்பதில்லை, டெபாசிட்டுக்கு வட்டியும் நிற்காது. கணக்கு இருக்கிற கிளையில், அந்த ஈட்டுக் கார்டுக்கும் கேஷ்பேக் உண்டா, எவ்வளவு என்பதை முதலில் கேளுங்கள்.