கறுப்புக் கண் வைத்த விதை

கேள்வி: கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். பல்லாங்குழி ஆடும்போது 4 வயதுப் பேத்தி 2 குன்றிமணியை விழுங்கிவிட்டாள். உப்புத் தண்ணீர் கொடுத்தும் வாந்தி வரவில்லை. 5 நாளாயிற்று, நன்றாகத்தான் விளையாடுகிறாள். ஒரு விதையே ஆளைக் கொல்லும் என்று இணையத்தில் இருக்கிறதே? வேலியில் படர்ந்த அந்தக் கொடியின் இலையையும் மெல்லுவாள்.

பதில்: நிம்மதியாகத் தூங்குங்கள் அம்மா. குன்றிமணி விஷம் பெரும்பாலும் சில மணி நேரத்திலிருந்து 3 நாளைக்குள் தன்னைக் காட்டிவிடும். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள்.

ஒரு விதை கொல்லும் என்பது மென்ற விதைக்குத்தான் பொருந்தும். முற்றிய விதையின் தோல் கல் மாதிரி. முழுதாக விழுங்கினால் பளபளப்பு மாறாமல் மலத்தோடு வந்துவிடும். கடித்து நொறுக்கியது, பச்சைக் காயிலிருந்து உரித்த இளசு, மாலையிலிருந்து அறுந்த துளையிட்ட மணி, இவைதான் ஆபத்து. துளை வழியே செரிமான நீர் உள்ளே போனால் ஆப்ரின் என்ற விஷம் வெளியே வரும். செல்கள் புரதம் செய்வதை அது நிறுத்திவிடும். முதல் அடி குடலின் உள்தோலுக்கு. முறிமருந்து கிடையாது. மென்றதாகச் சந்தேகம் வந்தாலே, விதை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சீக்கிரம் வந்தால் விஷத்தை உறிஞ்சும் மருத்துவக் கரித்தூள் கொடுக்க முடியும். ஓயாத வாந்தி, ரத்தம் கலந்த பேதி என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

உப்புத் தண்ணீர் கொடுத்ததற்குத்தான் எனக்குக் கோபம். 4 வயதுக் குழந்தைக்கு ரத்தத்தில் உப்பு ஏறினால் வலிப்பு வரலாம். அன்று அவள் வயிற்றுக்குள் போனதில் குன்றிமணியைவிட அதுதான் மோசமானது.

உங்கள் கேரளப் பக்கம் குன்னிக்குரு (அதாவது குன்றிமணி), மஞ்சாடிக்குரு இரண்டும் புழங்கும். மஞ்சாடி மரத்து விதை. சற்றுப் பெரிது, முழுச் சிவப்பு. ஆனைக்குன்றிமணி என்பதும் அதுதான். கறுப்புக் கண் இருந்தால் குன்றிமணி. வெள்ளைக் குன்றிமணிக்கும் விஷம் உண்டு, நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இலை அதிமதுரம் போல இனிக்கும். ஓரிரண்டு மென்றதற்குப் பயம் வேண்டாம். ஆனால் இலை பறிக்கிற கை காயையும் பறிக்கும். காய் வெடித்து விதை பல்லிளிக்கும் முன் கொடியை வெட்டிவிடுங்கள். பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை போதும். சதுர்த்திக்கு மண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கும் 2 மணியையும், கரைக்கும் முன் எடுத்து எண்ணிக்கொள்ளுங்கள்.